வளைவில் அலறாத ரயில்

தண்டவாளம் தேய்ந்தது, தண்டனை என் தங்கை வீட்டுக்காரருக்கு வந்தது! அநியாயத்தை முதலில் சொல்லிவிட்டேன். இனி மரியாதை. தலைமை ஏற்றிருக்கும் சங்கத் தலைவர் அவர்களே, முன்வரிசைப் பெரியவர்களே, மடியில் பிள்ளையும் மனத்தில் நியாயமும் சுமந்து வந்த தாய்மார்களே, அழைத்ததும் வந்த பாதை மேலாளர் அவர்களே!

வளைவை ஒட்டிச் சலவைக்கடை வைத்திருப்பவள் நான். சலவைச் சீட்டில் எழுத்துக் கற்றவள். ரயில் திரும்பினால் வளைவு அலறும். இரும்புத்தூள் பறந்து வெள்ளைச் சட்டையில் துருப்பொட்டு வைக்கும். அந்தத் தண்டவாளத்துக்குக் கிரீஸ் பூசியவர் என் தங்கை கணவர். ஒழுங்காகப் பூசவில்லை, அதனால்தான் தேய்கிறது என்று அவரைக் கிடங்குக்குத் தள்ளினார்கள். வேறு ஆள் பூசினார். தேய்மானம் நின்றதா? அலறல் அடங்கியதா?

வளைந்த மாடிப்படியில் பீரோ ஏற்றியிருக்கிறீர்களா? பீரோ வளையாது, சுவரைச் சுரண்டும். அதற்கு வெள்ளையடித்தவரையா திட்டுவீர்கள்? ரயிலுக்கு அடியிலும் அதுதான் நடந்தது. சக்கர அச்சுகள் விறைத்தபடியே வளைவில் நுழைந்தன. சக்கர விளிம்பு தண்டவாளத்தைச் சீவியது. வளைவுக்கேற்ப அச்சே திரும்பும்படி, பெட்டிக்கு அடியில் மாட்ட ஓர் இரும்புச் சட்டம் செய்தார் பணிமனைப் பொறியாளர். அதோ, தலைகுனிந்து உட்கார்ந்திருக்கிறார். நிமிருங்கள் அம்மா, இது உங்கள் மேடை!

ரயில் வந்தால் பாதிப் பேச்சில் நிறுத்திக் காதைப் பொத்துவது எங்கள் தெருப் பழக்கம். அந்தச் சட்டம் மாட்டிய முதல் ரயில் வந்த அன்றும் பொத்தினோம். ரயில் போய்விட்டது; விரல் மட்டும் காதிலேயே இருந்தது. சிரிக்காதீர்கள், நீங்களும் பொத்தியவர்கள்தானே? கிடங்குக்குப் போனதிலிருந்து வாய் திறக்காத என் தங்கை கணவர் அந்த அமைதியில் கேட்டார்:

"அக்கா, இதுக்கும் நான்தான் காரணம்னு சொல்லுவாங்களா?"

பிறகு அளந்து பார்த்தார்கள். தேய்மானம் பாதிக்கும் கீழே! வளைவு அதே வளைவு, கிரீஸ் அதே கிரீஸ்; திருந்தியது ரயில்! பார்க்கலாம் என்று தலையாட்டுகிறார் மேலாளர். பார்த்தாயிற்று ஐயா, ஊரே பார்த்தாயிற்று.

ஆகவே, மாற்றல் உத்தரவைத் திரும்பப் பெற வேண்டியவர் மேலாளர். தவறு எங்களுடையது என்று இதே மேடையில் சொல்ல வேண்டியவரும் அவரே. மீதிப் பெட்டிகளுக்கும் அந்தச் சட்டத்தை மாட்ட வேண்டியது பணிமனை. மாட்டும்வரை விடாமல் கேட்க வேண்டியது சங்கம். கால் கடுக்க நின்று கேட்ட உங்கள் அத்தனை பேருக்கும் நன்றியும் வணக்கமும் சொல்ல வேண்டியவள் நான், சொல்லிவிட்டேன். நாளைக் காலை கிரீஸ் டப்பாவோடு வளைவுக்குப் போக வேண்டியவர் கடைசி வரிசையில் ஒளிந்திருக்கிறார்.

எழுந்து நில்லுங்கள், மாப்பிள்ளை!