மலைக் கதைக்கு ஒட்டிய லேபிள்

உங்கள் மேசைக்கு ஒரு கால் குட்டை. ஓர் அட்டையை நாலாக மடித்து அடியில் செருகினால் ஆட்டம் நின்றுவிடும். ஆடும் மேசையில் பகடை உருட்ட முடியாது என்பதால் எனக்கு இதுதான் முதலில் கண்ணில் படும். பரவாயில்லை, எழுதிக்கொள்ளுங்கள். நான் நிதானமாகவே சொல்கிறேன்.

லேபிள் அடிக்கும் அச்சகத்தில் பத்தொன்பது வருடமாகப் பிழை திருத்துகிறேன். பூச்சிமருந்து டப்பா, தரை துடைக்கும் திரவம், கண் சொட்டு மருந்து, இவற்றின் மேல் எறும்பு ஊர்வதுபோல் இருக்கும் எழுத்துகளை முழுதாகப் படிக்கிற ஒரே ஆள் நான்தான். 'குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும்' என்பதை எத்தனை லட்சம் முறை அனுப்பியிருப்பேன் என்று தெரியாது. வாங்கியவர் யாரும் படித்து நான் பார்த்ததில்லை. லேபிளைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

சனிக்கிழமை மதியங்களில் நான் கதை நடத்துவேன். இது உங்களுக்குப் புரியவில்லை என்று முகத்திலேயே தெரிகிறது, விளக்குகிறேன். ஒரு மேசை, நாலைந்து பேர். ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக அதற்குள் நடப்பார்கள். ஒருவர் மதில் ஏறுகிறேன் என்றால், ஏறினாரா விழுந்தாரா என்பதை இருபது முகமுள்ள பகடை சொல்லும். எத்தனை விழுந்தால் போதும் என்பதைக் கதை நடத்துபவர் முன்பே தாளில் எழுதி, தன் எதிரே நிற்கும் அட்டைத் தடுப்புக்குப் பின்னால் வைத்திருப்பார். ஆடுகிறவர்களுக்கு அந்த எண்ணைக் காட்டுவதில்லை. அவர் சொல்வதை நம்புவார்கள். அதுதான் வழக்கம்.

இதெல்லாம் நடப்பது ஒரு விளையாட்டுச் சாமான் கடையின் பின்னறையில். கடைக்காரம்மா நல்ல மாதிரி. ஆனால் ஒரு நாள் எங்கேயோ எதையோ படித்துவிட்டு வந்து, இனி எல்லாக் கதைக்கும் லேபிள் ஒட்ட வேண்டும் என்றார். ரத்தம் உண்டா, தீ உண்டா, பாம்பு உண்டா, சாவு உண்டா, யார் சாவு. மேசை நடுவில் ஒரு சிவப்பு அட்டையும் வைத்தார். யாருக்காவது தாங்கவில்லை என்றால் அதைத் தொட வேண்டும், கதை அந்த இடத்திலேயே நின்றுவிடும். எங்களில் ஒருவர் பல் டாக்டர். காலையிலிருந்து மாலை வரை அடுத்தவர் வாயில் ரத்தம் பார்க்கிற மனிதர். அவர் மிகவும் யோசித்து, சிலந்தி வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தார். கணக்கு டீச்சர், அநாதைக் குழந்தைகள் வேண்டாம் என்றார். ஆளாளுக்கு ஒரு வேண்டாம். கதையில் மிச்சம் இருந்தது ஒரு வெட்டவெளி, அதிலும் வெயில் கடுமையாக இருக்கக்கூடாது.

நான் வாயைத் திறக்கவில்லை. அந்த லேபிள்களை அடித்துக் கொடுத்ததே நான்தான், அச்சகத்தில் வீணாகும் ஓரத்தாளில்.

அதற்குப் பிறகுதான் கடைக்காரம்மா தன் தம்பியை அழைத்து வந்தார். நீச்சல் மாஸ்டர். இரண்டு வருடம் முன்பு அவர் பொறுப்பில் இருந்த குளத்தில் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி மூழ்கிவிட்டாள். இன்னொரு குழந்தையின் நீச்சல் கண்ணாடிப் பட்டையை இறுக்கிவிடத் திரும்பிய நேரம். விசாரித்தவர்கள் அவர் மேல் தவறில்லை என்று எழுதினார்கள். அவர் அதை ஏற்றுக்கொள்ளவில்லை.

"ரெண்டு வருஷமா வாளியில தண்ணி பிடிக்க மாட்டேங்கறான் சார். ஈரத் துண்டால உடம்பைத் துடைச்சுக்கறான், அவ்வளவுதான். இங்க வந்து உக்காந்தாலாவது நாலு வார்த்தை பேசுவான்னு பாக்கறேன்" என்றார் கடைக்காரம்மா. பிறகு ஒரு துண்டுத்தாளைக் கொடுத்தார். "இதெல்லாம் அவன் காதுல விழக்கூடாது. லேபிள் அடிக்கறவர் நீங்க, உங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும்ல."

மஞ்சள் தொப்பி. விசில் சத்தம். ஈரமான கல்தரை. குழந்தை 'மாஸ்டர்' என்று கூப்பிடுவது. தாளில் இருந்தவை இவ்வளவுதான். நான் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

மாஸ்டர் பழகுவதற்கு இனியவர், அதை மறைக்கவில்லை. ஆட வராது. ஆனால் நம்புவார். கதையில் அவருடைய குதிரை நொண்டினால் அவர் முகம் வாடும். நாலு மாதத்தில் சிரிக்க ஆரம்பித்தார். ஐந்தாவது மாதம் ஒரு வெள்ளிக்கிழமை கடைக்காரம்மா என்னைக் கூப்பிட்டுச் சொன்னார், தம்பி திரும்ப வேலைக்குப் போகிறான், திங்கட்கிழமை சேர்கிறான், குளத்துச் சாவியைக்கூடக் கொடுத்துவிட்டார்கள் என்று. கண் கலங்கியிருந்தது.

"எல்லாம் அந்த லேபிளாலதான் சார். இங்க எதுவும் தன்னை அடிக்காதுன்னு அவனுக்கு ஒரு தைரியம் வந்துச்சு" என்றார்.

லேபிளால். இந்த வார்த்தையைத் தயவுசெய்து அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். ஐந்து மாதம் ஒவ்வொரு சனிக்கிழமையும் தொண்டை வறளக் கதை சொன்னவன் நான். அந்த மனிதரைச் சிரிக்க வைத்தது என் கதை. பெயர் வாங்கியது ஓர் ஓரத்தாள்.

இன்னொன்றும் உண்டு, நீங்கள் கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். மூன்று வருடம் உழைத்து நான் எழுதிய கதை ஒன்று அந்தக் கடை அலமாரியில் இருந்தது. ஏரிக் கதை. என்னுடையவற்றில் அதுதான் தேறும். அதற்கு என் கையாலேயே லேபிள் ஒட்ட வேண்டியிருந்தது: 'நீரில் மூழ்குதல். குழந்தை மரணம் நேரலாம்.' அதற்குப் பிறகு யாரும் அதைத் தொடவில்லை. பல் டாக்டர் ஒருமுறை எடுத்தார், பின்னட்டையைப் பார்த்தார், சூடான பாத்திரத்தைத் தொட்டவர்போல வைத்துவிட்டார். ஆனால் அந்த வருத்தத்தில் இதைச் செய்தேன் என்று எழுதிவிடாதீர்கள். நான் அவ்வளவு சின்ன மனிதன் இல்லை.

எனக்குத் தேவைப்பட்டது ஒரு நிரூபணம். பயப்படுவதற்கு உண்மையிலேயே காரணம் உள்ள ஒருவர், லேபிள் இல்லாமல் உட்கார்ந்து, முழுக் கதையையும் தாண்டி எழுந்து வர வேண்டும். வந்துவிட்டால் இந்தப் பொத்திப் பொத்தி வளர்க்கிற கூத்துக்கு ஒரு முடிவு கிடைக்கும். அவருக்கும் நல்லது. திங்கட்கிழமை நிஜக் குளத்தில் இறங்கப் போகிறவருக்கு, சனிக்கிழமை காகிதக் குளம் என்ன செய்துவிடும்?

ஏரியை மலைக்குள் இருக்கும் சுனையாக மாற்றினேன். அட்டையில் 'மலைக் கதை' என்று போட்டேன். லேபிள் அடித்தேன்: 'எச்சரிக்கை எதுவும் இல்லை. அனைவருக்கும் ஏற்றது.' எழுத்து நேராக, அழகாக விழுந்திருந்தது.

மாஸ்டர் லேபிளைப் படித்தார். என் பத்தொன்பது வருடத்தில் ஒருவர் லேபிளை விரல் வைத்துப் படித்து நான் பார்த்தது அன்றுதான். படித்துவிட்டும் கேட்டார்.

"தண்ணி ஏதும் வராதுல்லண்ணா?"

"மலை ஏறப் போறோம். தாகம்தான் எடுக்கும்" என்றேன்.

சிரித்துவிட்டு உட்கார்ந்தார்.

இரண்டு மணி நேரம் மலை ஏறினார்கள். எனக்கு அன்று சொல் தானாக வந்தது. பிறகு குகைக்குள் கல்தரை ஈரமானது. எங்கேயோ ஒரு விசில் கேட்டது. சுனையின் நடுவில் மஞ்சள் துணி ஒன்று மிதந்தது, அதற்கு அடியில் ஒரு சின்னக் கை. மற்ற இருவரின் பாத்திரங்களும் கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தன, அதை முன்பே ஏற்பாடு செய்திருந்தேன். கரையில் நின்றது அவர் மட்டும். அவருடைய பாத்திரம் ஒரு வழிகாட்டி, அதற்கு வேறு பெயர் உண்டு. ஆனால் குழந்தை 'மாஸ்டர்' என்றுதான் கூப்பிட்டது.

டீச்சர் முகத்தில் ஈயாடவில்லை. "சார், போதும்" என்றார். சிவப்பு அட்டை மாஸ்டருக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. அவர் கை அதை நோக்கிப் போனது. நான் தடுக்கவில்லை, இதையும் எழுதுங்கள். ஒன்றே ஒன்று சொன்னேன்.

"பொண்ணு இன்னும் மூச்சு விடுது. இப்ப நிறுத்தினா அது தண்ணியிலயே இருக்கும்."

அவர் கையை எடுத்துக்கொண்டார். வெளி ஆள் யாராக இருந்தாலும் அட்டையைத் தட்டிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போயிருப்பார். கதையை நம்புகிறவர்தான் இந்தத் தவறைச் செய்வார்.

"குதிக்கறேன்" என்றார். பகடையை இரண்டு கையாலும் மூடி உருட்டினார். பதினேழு.

டீச்சர் மூச்சு விட்டது கேட்டது. பல் டாக்டர் மேசையைத் தட்டப் போனார். மாஸ்டர் பகடையைப் பார்க்கவே இல்லை, என்னைத்தான் பார்த்தார். நான் தடுப்புக்குப் பின்னால் குனிந்து தாளைப் பார்த்தேன். பிறகு போதவில்லை என்றேன்.

அவர் பகடைகளை ஒவ்வொன்றாகப் பைக்குள் போட்டார். தன் பாத்திரத்தின் விவரம் எழுதிய தாளை நேராக மடித்து என் பக்கம் நகர்த்தினார். "வரேண்ணா" என்றார். வெளியே கடைக்காரம்மா அவரிடம் எப்படி இருந்தது என்று கேட்டதும், நல்லாத்தான் இருந்துச்சுக்கா என்று அவர் சொன்னதும் காதில் விழுந்தது. அப்போது எனக்கு நிம்மதியாக இருந்தது. நிரூபித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை காலை அவர் எல்லோருக்கும் முன்னதாகப் போய்க் குளத்தைத் திறந்திருக்கிறார். ஆறு மணிக்கு வந்த துப்புரவுக்காரர் ஆழமான பக்கத்தில் அவரைப் பார்த்தார். நன்றாக நீந்தத் தெரிந்தவர். கடைக்காரம்மா அதற்குப் பிறகு கடையைத் திறக்கவில்லை. என் வீட்டு வாசலில் ஒருமுறை வந்து நின்றார், எதுவும் கேட்காமல் போய்விட்டார்.

தடுப்புக்குப் பின்னால் இருந்த அந்தத் தாளை நீங்கள் கைப்பற்றிக் கோப்பில் வைத்திருக்கிறீர்கள், அதனால் பூசி மெழுக விரும்பவில்லை. எழுத்து என்னுடையது. சுனைக்கு நேராக எழுதியிருக்கும் எண் பதினொன்று. பதினொன்று விழுந்தாலே குழந்தை கரைக்கு வந்துவிடும். அவருக்கு விழுந்தது பதினேழு. அவர் அவளைக் காப்பாற்றிவிட்டார். இல்லை என்று சொன்னது நான். காப்பாற்றிவிட்டார் என்று சொல்லியிருந்தால் கைதட்டிவிட்டு எழுந்து போயிருப்பார்கள். என் சோதனை அரைகுறையாக நின்றிருக்கும்.

அவரை அப்படியே விட்டுவிடும் எண்ணம் எனக்கில்லை. அடுத்த சனிக்கிழமை தாளை எடுத்துக் காட்டி, எல்லோர் முன்னாலும் உண்மையைச் சொல்லி, அவரையும் சிரிக்க வைக்கலாம் என்றிருந்தேன். ஒரு வாரம்தான். அவர்தான் அவசரப்பட்டுவிட்டார்.