கமாலை இழுத்துக்கிட்டு ஓடுனேன்

...அதத்தான் சார் சொல்றேன், கோல் அடிச்சவன் பேரத்தான் பேப்பர்ல போடுவான். நீங்க கையில வச்சிருக்கீங்களே, அதையே பாருங்க. ஓடுனவன் பேரு எங்கயாச்சும் இருக்கா? இருக்காது லா.

உக்காருங்க, உக்காருங்க. ஃபெரி பினாங்கு போய்ச் சேர இன்னும் நேரம் இருக்கு. பாலம் தொறந்ததுலருந்து இங்க எடந்தான் நெறைய கெடக்கே. நான் சுப்பையாவோட அறுபதாங் கல்யாணத்துக்குப் போறேன். என் வீட்டுக்காரி வள்ளியம்மா காலையிலயே போயிட்டா. மொத மாலை எனக்காம். நாலு வார்த்த வேற பேசணுமாம். என்னத்தப் பேசுறது?

நானும் அவனும் துறைமுகத்துல மூட்ட தூக்குனோம். ஒரே டீம், ரெண்டு பேரும் முன்னாடி ஆடுறவங்க. பந்து அவன்கிட்ட வரப்போகுதுன்னா நான் மூலக் கொடியப் பாத்து ஓடுவேன். கால்ல பந்து கெடையாது. ஆனா பந்து எனக்குத்தான் வரப்போற மாதிரி கையத் தூக்கிக் கத்திக்கிட்டே ஓடணும். எதிர் டீம்ல பின்னாடி நின்னு தடுக்குற ஆளு கமால், கதவு மாதிரி இருப்பான். அவன் என்னைய விட முடியுமா? விட்டா நான் கோல் போட்டுருவேனே! பின்னாடியே வருவான். நடுவுல லாரி போற அளவுக்கு எடம் தொறந்துரும். சுப்பையா பொடிநடையா உள்ள போயி அடிப்பான். கோல்! எல்லாரும் அவனத் தூக்குவாங்க. நானும் கமாலும் மூலையில நின்னு மூச்சு வாங்குவோம்.

வள்ளியம்மா ஒரே ஒரு ஆட்டம் பாக்க வந்தா. வீட்டுக்கு வந்து கேக்குறா, "ஏங்க, நீங்க ஓடுற எடத்துக்கு ஒருத்தனும் பந்து குடுக்கலியே, அவங்களுக்கு உங்க மேல என்ன கோவம்?"

நான் காலக் கழுவப் போயிட்டேன்.

ஒரு தடவ ஸ்டேட் டீமுக்கு ஆள் எடுக்க ரெண்டு பேர் வந்தாங்க. பாடாங் மைதானத்து ஓரமா நாக்காலி போட்டு உக்காந்தாங்க. சுப்பையாவப் பாக்கத்தான், என்னையா பாக்க வருவாங்க? எடுத்துட்டா நெழல்ல உக்காந்து செய்யிற வேலையும் குடுப்பாங்கன்னு பேச்சு. அன்னிக்கும் கமால் டீம்தான். சுப்பையா பூட்ஸ் கயித்தக் கட்டிக்கிட்டே, தலைய நிமித்தாம சொல்றான், "நல்லமுத்து, நல்லா ஓடு, என்ன?" மாட்டுக்குச் சொல்ற மாதிரி!

சரின்னு ஓடுனேன். ஓடலன்னு ஒருத்தன் சொல்ல முடியாது. ஆனா மூலைக்கு ஓடல. சுப்பையா எங்க நிக்கிறானோ அங்க ஓடுனேன். கமால் பாவம், கடமை தவறாத ஆளு, கூடவே வந்தான். சுப்பையா பந்த வாங்கித் திரும்புனா மூக்குக்கு நேரா கமால். வலது பக்கம் போனான்னா நானும் போவேன், கமாலும் வருவான். எடது பக்கம்... அங்கயும்தான். பாதி ஆட்டத்துல பாக்குறேன், நாக்காலி ரெண்டும் காலி.

அப்புறம் ரிட்டயர் ஆகுற வரைக்கும் அவனுக்கு மூட்டதான். இடுப்பு போச்சு.

ஏன் சார் அப்படிப் பாக்குறீங்க? அவனுக்குத் தெரியாது. வருஷா வருஷம் தீபாவளிக்கு வருவான், முறுக்கத் திம்பான், "அன்னிக்கு நீ எப்பிடி ஓடுன! எனக்குத்தான் கால் வெளங்கல. உன் ஓட்டத்த வீணாக்கிட்டேன், மன்னிச்சுக்கடா"ம்பான். முப்பது வருஷமா கேக்குறான். நானும் பெரிய மனசு பண்ணி மன்னிச்சுக்கிட்டுதான் இருக்கேன். இன்னிக்கு அத எல்லார் முன்னாடியும் மைக்குல கேக்கப் போறானாம். அதுக்குத்தான் அந்த மாலை.

மைக்குல எப்பிடி சார் மன்னிக்கிறது?

சார்... இந்தா, ஃபெரியக் கட்டிட்டான். போங்க, போங்க, நீங்க எறங்குங்க. நான் இப்பிடியே உக்காந்திருக்கேன். பினாங்குலருந்து திரும்பிப் போறதுக்கு டிக்கெட் கேக்க மாட்டான், வர்றதுக்குத்தான் காசு.