கடைசி வரிசைப் புள்ளிகள்

ஆய்வகத்தில் நான் யாரையும் சத்தம் போட்டுத் திட்டியதில்லை, வேண்டுமானால் விசாரித்துக்கொள்ளுங்கள். முட்டாள்களிடம் குரலை வீணாக்குவது எனக்குப் பிடிக்காது.

நான் செய்தது கட்டைவிரல் அகலத்தில் ஒரு கண்ணாடிச் சில்லு. அதற்குள் தலைமுடியைவிட மெல்லிய வாய்க்கால்கள், அவற்றின் அடியில் வரிசை வரிசையாகப் புள்ளிகள். ஒரு கிருமிக்கு ஒரு புள்ளி. ஒரு சொட்டு இரத்தம் உள்ளே ஓடினால், எந்தக் கிருமி இருக்கிறதோ அதன் புள்ளி ஒளிரும். பழைய முறையில் இரண்டு நாள் ஆகிற வேலை, நாற்பது நிமிடத்தில் முடிந்துவிடும். இதை டாக்டர்களின் மண்டையில் ஏற்றுவதற்குத்தான் ஆறு வருடம் ஆனது.

அந்தச் சில்லில் குறை சொன்னவள் எங்கள் ஆய்வக டெக்னீஷியன். குழாய் கழுவ வந்தவள்.

"சார், கடைசி வளைவுல காத்துக்குமிழி நிக்குது. கடைசி வரிசைக்கு ரத்தமே போகல."

எல்லார் முன்னாலும் சொன்னாள். பானை கழுவுகிறவள் உப்புப் பார்க்க வந்துவிட்டாள் என்றேன். அறையே சிரித்தது. அன்று மாலை நுண்ணோக்கியில் பார்த்தேன், குமிழி இருந்தது. சரிசெய்தால் அவள் சொல்லிச் செய்ததாகிவிடும். விட்டுவிட்டேன்.

மூன்று வாரம் கழித்து அவள் கணவன் கடும் காய்ச்சலோடு எங்கள் மருத்துவமனை வார்டிலேயே சேர்ந்தான். அவனுடைய இரத்தம் என் மேசைக்கு வந்தது. பின்னாலேயே அவளும் வந்து கதவோரம் நின்றாள்.

"சார், பழைய முறையிலயும் ஒரு தடவ பாக்கச் சொல்லிக் கையெழுத்துப் போடுங்க."

"ஏம்மா, சில்லு மேல நம்பிக்கை இல்லையா?"

"நான் அன்னிக்குச் சொன்னது தப்புதான் சார். தப்புன்னே வெச்சுக்கோங்க. பாத்துடுங்க, போதும்."

நான் எதிர்பார்த்திருந்த வார்த்தை அது. ஆனால் யோசித்துப் பாருங்கள். தப்பு என்று அவளே சொன்ன பிறகு நான் பழைய முறையில் பார்த்தால், அவள் சொன்னது சரி என்று நானே ஒப்புக்கொண்டதாகாதா? அவளைப் போய் உட்காரச் சொன்னேன்.

கடைசி வரிசை இருட்டாக இருந்தது. வளைவில் குமிழி உருண்டையாக, தெளிவாகத் தெரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டேதான் 'கிருமி இல்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். அதை நம்பி டாக்டர்கள் அவனுக்குக் கொடுத்துவந்த கிருமிக்கொல்லி மருந்தை நிறுத்தினார்கள். மூன்றாம் நாள் அவன் செத்துப்போனான். அவள் இப்போது யாரிடமும் பேசுவதில்லையாம்.

என்னைப் பிடிவாதக்காரன் என்கிறார்கள். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்: அவனை அடக்கம் செய்த மறுநாளே அந்த வளைவைச் சரிசெய்துவிட்டேன். யாரும் சொல்லாமல், நானாகவே.