பொட்டு வைக்காத மூன்று இடங்கள்

உங்கள் காவல் நிலையத்து வண்டியின் பெல்ட் தளர்ந்திருக்கிறது. காலையில் கிளப்பும்போது அது கீச்சிடுவது இந்த அறைவரை கேட்கிறது. ஒரு ஆளும் ஒரு ஸ்பேனரும் போதும். தள்ளிப்போட்டால் என்றைக்காவது நடுவழியில் நிற்பீர்கள். சத்தத்தை வைத்தே கோளாறு எங்கே என்று சொல்லிவிடும் காது என்னுடையது. அது இன்னும் மங்கவில்லை. கண்ணும் கையும் அப்படித்தான். உங்கள் அறிக்கையில் வேறு மாதிரி எழுதியிருக்கிறீர்கள். அதைத் திருத்தத்தான் வந்தேன். நான் சொல்லி நீங்கள் எழுதினால் உங்கள் வார்த்தை கலந்துவிடும் என்பதால் தாள் வாங்கி நானே எழுதுகிறேன்.

எங்கள் பட்டறை என் தந்தை தொடங்கியது. வண்டிகளுக்கு ஒயரிங், பேட்டரி, ஆல்டர்னேட்டர் வேலை. முடித்த இடம் ஒவ்வொன்றிலும் ஒரு சிவப்புப் பொட்டு வைப்பது அவர் ஏற்படுத்திய வழக்கம். நட்டை இறுக்கி, இழுத்துப் பார்த்து, மனம் ஒப்பிய பிறகு குச்சி முனையில் பெயிண்டைத் தொட்டு வைப்போம். பொட்டு இருந்தால் அந்த இடத்துக்கு நாங்கள் பொறுப்பு. இந்தத் தொழிலில் இருக்கும் எவனும் பானட்டைத் திறந்து எங்கள் பொட்டைப் பார்த்தால் மேற்கொண்டு எதையும் நோண்டாமல் மூடிவிடுவான். எங்களிடம் செய்த வேலை திரும்பி வந்ததில்லை.

எங்கள் வீட்டுக்கும் வழக்கங்கள் உண்டு. குரல் உயராது. சண்டை என்றாலும் கதவைச் சாத்திக்கொண்டு தணிந்த குரலில்தான். தந்தை இறந்த அன்றுகூட அழுகை வாசற்படியைத் தாண்டவில்லை. ஆண்கள் சட்டையில்லாமல் தெருவில் இறங்க மாட்டோம். இவையெல்லாம் சின்ன விஷயம் என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். சின்ன நட்டு கழன்றுதான் பெரிய வண்டி கவிழ்கிறது.

என் இளைய மகன் நல்லவன். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். பிற்பாடு யாரும் அவனைக் குறை சொல்லக் கூடாது. குடி கிடையாது, எதிர்த்துப் பேச்சு கிடையாது. அவனிடம் ஒரு சின்னக் கார் இருந்தது. கனத்த ஆள் ஏறினால் ஒரு பக்கம் சாயும். அதற்குள் ஒரு மண்டபத்துக்குப் போதுமான பாட்டை ஏற்றிவிட வேண்டும் என்பது அவன் ஆசை. கொசுவின் கழுத்தில் கண்டாமணி கட்டியது போல. பின் சீட்டைக் கழற்றி, டிக்கியிலிருந்து முன் சீட்டின் முதுகுவரை ஸ்பீக்கர் பெட்டிகளை அடுக்கியிருந்தான். தெருமுனையில் அவன் திரும்பும்போதே எங்கள் அலமாரியில் தம்ளர்கள் ஒன்றோடொன்று பேச ஆரம்பிக்கும். தெருப் பிள்ளைகள் எங்கள் வீட்டுக்கு இடிவீடு என்று பெயர் வைத்தார்கள்.

ஒருநாள் என் மகளின் மாமனார் வந்தார், கூடவே அவர் பக்கத்து உறவினர்களும். கூடத்தில் உட்கார்ந்ததும் அவர்களிடம் திரும்பி, "சம்பந்தி வீட்டுக்கு யார்கிட்டயும் வழி கேக்க வேண்டாம். காத வச்சுக்கிட்டே வந்தாப் போதும், வாசல்ல கொண்டாந்து விட்டுரும்," என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர்களை வழியனுப்பிவிட்டு உள்ளே வந்து, சுவரில் இருந்த என் தந்தையின் படத்தைத் திருப்பி மாட்டினேன். அவர் பார்க்க வேண்டாம் என்று தோன்றியது.

அவனைக் கண்டிக்கவில்லையா என்று கேட்டீர்கள். கண்டித்தேன். உடனே தணித்து வைப்பான். இரண்டு நாள் கழித்துப் பழைய குருடி கதவைத் திறடி என்ற கதைதான். பிறகு சத்தப் போட்டி ஒன்று வருகிறது என்றான். எந்தக் கார் அதிகமாக இடிக்கிறது என்று கருவி வைத்து அளப்பார்களாம். அவன் காரில் பாட்டின் ஒவ்வொரு அடிக்கும் முன்விளக்கு மங்கியது.

"ஆல்டர்னேட்டர் பத்தலப்பா. பெருசா ஒண்ணு போட்டுக் குடுங்க. ஜெயிச்சா பின் கண்ணாடி முழுக்கத் தாத்தா பேரை எழுதப் போறேன். ஊரே பாக்கட்டும்."

அவன் அன்பாகத்தான் சொன்னான். வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுவரச் சொன்னேன்.

ஆல்டர்னேட்டர் என்பது ஓடும் என்ஜினிலிருந்து கரண்ட் எடுத்துக் கொடுப்பது. சின்னக் காரில் உள்ளது விளக்குக்கும் ஹார்னுக்கும் அளந்து வைத்தது. பெரியதை வாங்கி மாட்டினால் மட்டும் போதாது. அது உட்காரத் தனி பிராக்கெட் செய்ய வேண்டும். பேட்டரியிலிருந்து டிக்கிவரை விரல் கனத்துக்கு ஒயர் இழுக்க வேண்டும். பேட்டரிக்குப் பக்கத்திலேயே அதற்கு ஃபியூஸ். என்ஜினுக்கும் ஆள் உட்காரும் இடத்துக்கும் நடுவே உள்ள தகட்டில் அந்த ஒயர் நுழையும் துளைக்கு ரப்பர் வளையம். இல்லையென்றால் தகட்டின் விளிம்பு அதிர்ந்து அதிர்ந்து ஒயரை அரம் போல் அறுக்கும். அறுந்து இரும்பைத் தொட்டால் முதலில் பாட்டு நிற்கும். கண்ணாடி இறக்கும் சுவிட்சு, கதவுப் பொத்தான் எல்லாம் செத்துவிடும். பிறகு ஒயர் பழுத்து, கால் மிதியும் சீட்டும் பற்றிக்கொள்ளும். ஃபியூஸ் இருந்தால் அது தன் உயிரைக் கொடுத்து வண்டியைக் காப்பாற்றும்.

பிராக்கெட்டை நானே வெட்டி, துளையிட்டு, அரத்தால் ராவிப் பொருத்தினேன். அவ்வளவு கச்சிதமான ஒன்றை நான் அதுவரை செய்ததில்லை. என்ஜினைக் கிளப்பினால் ஒரு நடுக்கம் இல்லை. அதன் மேல் பொட்டு வைத்தேன். பேட்டரி முனைகளில் பொட்டு வைத்தேன். ஃபியூஸ் பெட்டிக்குள் ஃபியூஸுக்குப் பதிலாக ஒரு செம்புத் தகட்டை வைத்து மூடினேன். தகட்டுத் துளைக்கு ரப்பர் வளையம் வைக்கவில்லை. இந்த இரண்டு இடங்களிலும் பொட்டு வைக்கவில்லை. பொய்யான இடத்தில் என் பொட்டு விழாது.

வண்டி ஒழிந்தால் சத்தம் ஒழியும் என்றுதான் செய்தேன். என் மனைவியிடம் இதுவரை சொன்னால் போதும். மூன்றாவது இடத்தைப் பற்றி அவளுக்குத் தெரிய வேண்டாம்.

கதவில் பெரிய ஸ்பீக்கர் பதிப்பதற்காக அவன் முன்பே உள்கைப்பிடிகளை எடுத்துவிட்டிருந்தான். பொத்தானை அழுத்தினால் கரண்டில் கதவு திறக்கும். அந்த வேலையையும் நான்தான் செய்தேன். கரண்ட் போனாலும் திறக்கிற வழி ஒன்று இருக்க வேண்டும் என்பது என் தந்தையின் சட்டம். ஆகவே சீட்டுக்கு அடியில் இழுத்தால் திறக்கும்படி இரண்டு கதவுகளுக்கும் கம்பி விட்டுப் பொட்டு வைத்திருந்தேன். ஆல்டர்னேட்டர் மாற்றிய அன்று, கதவுப் பக்கம் ஏதோ டிக் டிக்கென்று அதிருது என்றான். அதிர்ந்தது கண்ணாடி ஓரத்து ரப்பர். கேட்ட மாத்திரத்தில் எனக்குத் தெரியும். அதைச் சாக்காக வைத்து நான் கம்பிகளை உருவிவிட்டு, பழைய பொட்டையும் சுரண்டினேன்.

பட்டறையில் வளர்ந்த பிள்ளை அல்லவா, பானட்டைத் திறந்ததும் முதலில் பொட்டைத்தான் தேடினான். ஃபியூஸ் பெட்டியின் மேல் விரலை வைத்து, "என்னப்பா, இங்க பொட்டக் காணோம்?" என்றான்.

"பெயிண்ட் தீந்து போச்சு," என்றேன்.

"பரவாயில்லப்பா. நீங்க தொட்டதே போதும். பொட்டெல்லாம் ஊருக்குத்தானே."

அந்த இடத்தில் அவன் கொஞ்சம் முறைத்திருந்தால், ஒரு முறை திறந்து பார்த்திருந்தால், நான் என்ன செய்திருப்பேன் என்று யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் தோன்றவில்லை.

போட்டிக்கு முந்தைய நாள் பகல். மனைவி மகள் வீட்டுக்குப் போயிருந்தாள். வாசலில் வண்டியை நிறுத்தி என்ஜினை ஓடவிட்டு அவன் சத்தத்தைச் சரிபார்த்துக்கொண்டிருந்தான். நான் சாப்பிட்டுக் கூடத்தில் படுத்திருந்தேன். படுக்கும்முன் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். என்னைப் பார்த்ததும் கையைத் தூக்கி, தூங்குங்க என்று சைகை காட்டி, கார்க் கண்ணாடிகளை முழுக்க ஏற்றிவிட்டுக்கொண்டான். என் தூக்கம் கெடக் கூடாதாம்.

மற்றது நீங்கள் பார்த்ததுதான். உங்கள் ஆட்கள் கருகிய ஒயரைப் பார்த்துவிட்டுப் போனார்கள். வந்தவர்களிடமெல்லாம் என் மனைவி, "அவருக்குக் கை நடுங்குதுங்க. கண்ணும் சரியாத் தெரியறதில்ல. பெத்த பிள்ளைக்கு வேணும்னேவா செய்வாரு?" என்று அழுதாள். நீங்கள்கூட என் தோளைத் தொட்டு, "வயசாச்சு பெரியவரே, மறந்திருப்பீங்க. மனசப் போட்டு உழப்பிக்காதீங்க," என்றீர்கள். என் தோளை யாரும் தொட்டுப் பழக்கமில்லை. அதோடு விட்டிருப்பேன். ஆனால் சம்பந்தி துக்கம் கேட்க வந்தவர், வாசலில் யாரிடமோ, பெரியவர் பட்டறைய முன்னாடியே மூடியிருக்கணும் என்று சொன்னார். என் காது மங்கவில்லை என்று முதலிலேயே எழுதியிருக்கிறேன்.

ஆகவே வந்தேன். எங்கள் கையால் ஒரு ஃபியூஸ் மறந்துபோனது என்று ஊர் பேசுவதற்கு நான் உயிரோடு இருக்கும்வரை இடமில்லை. செம்புத் தகடு உங்கள் ஆட்கள் எடுத்துப்போன பொருள்களில் இருக்கும். உருகியிருந்தாலும் செம்பு செம்புதான். உருவிய கம்பிகளைப் பட்டறையில் என் மேசை இழுப்பறையில் சுருட்டி வைத்திருக்கிறேன்.

ஒன்று பாக்கி. முதல் நாள் நீங்கள், காருக்குள்ளேயிருந்து சத்தம் ஏதாவது கேட்டதா என்று கேட்டீர்கள். பாட்டின் அடிதான் கேட்டது என்றேன். அப்படித்தான் நானும் நினைத்திருந்தேன். இன்று காலைவரை அப்படியே நினைத்திருந்தேன். இப்போது எழுதியதைத் திரும்பப் படிக்கும்போது, ஒயர் போனால் முதலில் நிற்பது பாட்டு என்று என் கையெழுத்திலேயே இருக்கிறது. பாட்டு நின்றது எனக்குத் தெரியும். தம்ளர்கள் பேச்சை நிறுத்தியதால்தான் எழுந்து உட்கார்ந்தேன். அடி அதற்குப் பிறகுதான் கேட்டது. தாளத்தில் இல்லை. கூடவே 'அப்பா' என்றும் கேட்டது.

நான் வெற்றுடம்போடு இருந்தேன். கொடியிலிருந்து சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டேன். கழுத்துப் பித்தானிலிருந்து ஒவ்வொன்றாகக் கீழே போட்டு வந்தேன். கை நடுங்கவில்லை. கடைசிப் பித்தானுக்கு வரும்போது வாசல் அமைதியாக இருந்தது. பிறகுதான் கதவைத் திறந்து தெருவில் இறங்கினேன்.

இவ்வளவுதான். உங்கள் அறிக்கையில் 'கவனக்குறைவு' என்று ஒரு சொல் இருக்கிறது. அதை அடித்துவிடுங்கள். எங்கள் பட்டறையில் அப்படி ஒன்று நடந்ததே இல்லை.