மூணு மணிச் செபம்

கால் வழுக்கி விழல ஃபாதர். நான்தான் தள்ளுனேன். அம்மிக்கல்லு விளிம்புல பின்மண்ட அடிச்சுச்சு. அப்பா செத்தது அதுனாலதான். வழுக்கி விழுந்துட்டாருன்னு லயத்துல எல்லா வீட்டுலயும் சொல்லுறாங்கல்ல, அது அம்மா கெளப்புன பொய்யி.

இல்ல, நான் குடிக்கல. குடிச்சது அவரு.

ஞாயித்துக்கிழம மூணு மணிக்கு அம்மா இரக்கத்தின் செபமாலை சொல்லும். முன்னால வைக்கிற இயேசு படங்கூட நீங்க குடுத்ததுதான். இயேசுவோட பாடுகளப் பாத்துன்னு அம்மா ஆரம்பிக்கும், எங்க மேல இரக்கமா இருங்கன்னு நானும் தங்கச்சி வினோதாவும் முடிக்கணும். மாலையில உருட்டுற ஒவ்வொரு மணிக்கும் ஒரு தரம், மொத்தம் அம்பது. அந்த நேரம் பாத்துத்தான் அப்பா தவறணையில குடிச்சிட்டு வருவாரு. எவன்கிட்டடி இரக்கம் கேக்குற, நான் என்னா செத்தா போயிட்டேன்னு கத்துவாரு. ஒருநாளு செபத்துக்குப் பதில் சொன்ன வாயிலயே வினோதாவ ஒதைச்சாரு. ரெண்டு பல்லு போச்சு. இனிமே நீங்க வாயத் தொறக்காதீங்கன்னுருச்சு அம்மா. பாதியச் சொல்லிட்டு மூச்சு விடுமா, நாங்க சொல்ல வேண்டிய எடத்துல அவரு பெல்ட்டால ஒண்ணு வைப்பாரு. மணிக்கு ஒண்ணு. எண்ணி எண்ணி அடிப்பாரு ஃபாதர், சிரிச்சுக்கிட்டே. அம்மாவும் நிப்பாட்டாது. பாதியில விட்டா மொதல்லருந்து சொல்லணுமாம். என்னா வேதமோ!

மன்னிப்பப் பத்தி இப்பச் சொல்லாதீங்க. கேளுங்க.

போன ஞாயிறு பெல்ட்டு இல்ல, வெறகுக் கட்ட. மூணாவது மணிக்கே அம்மா மண்ட பொளந்துருச்சு. படம் பூரா ரத்தம். அப்பதான் தள்ளுனேன்.

விழுந்தும் உசுரு இருந்துச்சு. அம்மா அவரு தலைய மடியில போட்டுக்கிட்டு நாலாவது மணியப் புடிச்சிருச்சு. யாருக்கு? அவருக்கு!

என்னாது, ரோடு மோசம், அதான் ஆட்டோ வர லேட்டுன்னா அம்மா சொல்லுச்சு? ரோடெல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஓடிப்போயி ஆட்டோக்கார அழகன் அண்ணனக் கூட்டிட்டு வாடான்னு கத்துச்சு. ஓடுனேன். கீழ பீலியில கொட்டுற தண்ணியில அண்ணன் ஆட்டோவக் கழுவிக்கிட்டு இருந்தாரு. என்னாடா தம்பி, மூஞ்சி ஒரு மாதிரி இருக்குன்னாரு. சும்மாதாண்ணேன்னு சொல்லிட்டுப் பக்கத்துக் கல்லுல உக்காந்தேன். அங்க அம்மா அம்பதையும் சொல்லி முடிக்கிற நேரம் வரைக்கும் உக்காந்திருந்தேன். அவரு டயரக் கழுவுனாரு, கண்ணாடியத் தொடச்சாரு. நான் அவர வான்னு கூப்பிடவே இல்ல.