வலக்கைப் பெருவிரலும் விலங்கின் முத்திரையும்

அவைக்குத் தலைமை தாங்கும் மருத்துவர் இளஞ்செழியன் அவர்களே, பிரெஞ்சுக் கொடியின் கீழ் சிப்பாய்களாக அணிவகுத்து நடந்து, இன்று பேரப்பிள்ளைகளின் பின்னால் ஓடிக்கொண்டிருக்கும் சொல்தா பெரியவர்களே, குருசுக்குப்பத்திலிருந்து வலையை உதறிப் போட்டுவிட்டு வந்திருக்கும் தோழர்களே, பெற்று வளர்த்துப் பொறுத்துப் பழகிய தாய்மார்களே, முன்வரிசையில் என் எதிரே அமர்ந்து வலக்கையை முந்தானைக்குள் மறைத்து வைத்திருக்கும் சகோதரி எலிஸபெத் அம்மாள் அவர்களே, அனைவரையும் ஒலிவியே வாத்தியார் வணங்குகிறேன்.

திருவெளிப்பாட்டின் அடையாளங்கள் என்று தட்டியில் எழுதியிருக்கிறார்கள். கடைசிக் காலத்தில் ஒரு விலங்கு வந்து எல்லாருடைய வலக்கையிலோ நெற்றியிலோ முத்திரை குத்தும் என்று சொல்லும் விவிலியத்தின் கடைசி நூல் அது. விலங்கு எப்போது வரும்? அதன் எண் எவனுடையது? உலகம் முடியும் ஆண்டு எது? இதையெல்லாம் கேட்கத்தான் வந்திருக்கிறீர்கள். போன ஆகஸ்டில் இதே மேடையில் நான் அதைத்தான் பேசினேன். என்ன தம்பி? ஞாபகம் இருக்கிறதா? எனக்கும் இருக்கிறது. அது செய்த கேடு தெரிந்து மூன்று வாரமாகிறது, அதுமுதல் சோறு இறங்கவில்லை.

அன்று என்ன சொன்னேன்? இன்று காகிதத்தில் கேட்பான் கைநாட்டு, நாளை கையிலேயே குத்துவான் முத்திரை, ஆகவே எவன் கேட்டாலும் வலக்கையை நீட்டாதீர்கள் என்றேன். அடுக்குமொழி அழகாக வந்து விழுந்தது. அரங்கம் அதிர்ந்தது. நானும் குளிர்ந்துபோய் மாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனேன். போன வழியில் என்ன விதைத்துவிட்டுப் போகிறேன் என்று ஒரு கணமாவது யோசித்தேனா? இல்லை, ஐயா, இல்லை.

பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன் வாங்குகிறவர்கள் ஆண்டுக்கொரு முறை நேரில் போய், உயிரோடுதான் இருக்கிறேன் என்று காட்டிச் சான்று வாங்க வேண்டும். நம் ஊரில் இது தெரியாத தெரு உண்டா? கையெழுத்துப் போடத் தெரியாத ஆண் என்றால் இடது பெருவிரல், பெண் என்றால் வலது பெருவிரல். சிப்பாயாக இருந்த கணவர் கஸ்தோன் இறந்த பிறகு எலிஸபெத் அம்மாள் பதினொரு ஆண்டுகளாக அந்த மையில் விரலை வைத்தவர். இந்த ஆண்டு வைக்கவில்லை. என் பேச்சைக் கேட்டு, அது விலங்கின் முத்திரை என்று நம்பிவிட்டார்.

நாளை கடைசி நாள். நாளை மாலைக்குள் அந்த விரல் பதியாவிட்டால், தாளில் அவர் இறந்தவர். இறந்தவருக்குப் பென்ஷன் இல்லை. பென்ஷன் இல்லையென்றால் மகள் மரீனுக்கு வாரம் இருமுறை நடக்கும் இரத்தச் சுத்திகரிப்பு இல்லை. அது நின்றால் அந்தப் பெண் எத்தனை நாள் தாங்கும் என்று, அவளுக்கு வைத்தியம் பார்க்கும் நம் தலைவரிடம் கேட்டேன். நாள் கணக்குத்தான் என்றார்.

மூன்று முறை அம்மாள் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன், நான் பேசியது தப்பு என்று. மூன்றாம் முறை அவர் சொன்னார்: "மேடையில ஊரே கேக்கச் சொன்னீங்க. இப்ப ஊட்டுக்கு வந்து காதுல சொல்றீங்க. எது நெசம்னா, அத அங்கயே சொல்லுங்க." நியாயம்தானே? அதற்காகத்தான் தலைவரைக் கெஞ்சி இந்தக் கூட்டத்தைக் கூட்டச் சொன்னேன்.

பழைய கதை ஒன்று. கஸ்தோன் அல்ஜீரியாவில் சண்டையில் இருந்தார். அவர் கடிதங்களை இந்த அம்மாளுக்குப் படித்துக் காட்டியது நான்தான், அப்போது புதிதாக வேலைக்குச் சேர்ந்த வாத்தியார். ஒரு கடிதத்தில், இங்கே விடாமல் மழை பெய்கிறது, நம் கிணற்றில் தண்ணீர் இருக்கிறது என்று இருந்தது. நல்ல மழையாம், விளைச்சல் நன்றாக இருக்கும் என்று நான் சிரித்துக்கொண்டே சொன்னேன். அம்மாள் அழுதார். ஏனென்று கேட்டேன். "மழைன்னா குண்டு, வாத்தியாரே. கடுதாசிய மேலதிகாரி பிரிச்சுப் படிப்பான்னு, கெளம்பறப்பவே சொல்லிட்டுப் போனாரு. கெணத்துல தண்ணி இருக்குன்னா, திரும்பி வந்துடுவேன்னு அர்த்தம்." படித்தவன் எழுத்தைப் படித்தேன். படிக்காதவர் பொருளைப் படித்தார்.

திருவெளிப்பாட்டை யோவான் எங்கிருந்து எழுதினார்? நாடு கடத்தப்பட்டு, தீவில் கிடந்து எழுதினார். அவர் கடிதத்தையும் காவலன் பிரித்துப் பார்ப்பான் அல்லவா? பேரரசன் என்று எழுத முடியுமா? விலங்கு என்று எழுதினார். உரோமை என்று எழுத முடியுமா? அந்த நகரம் அமர்ந்திருக்கும் ஏழு மலை என்று எழுதினார். எழுத்தையே எண்ணாகக் கூட்டும் அக்கால வழக்கப்படி ஓர் அரசன் பெயரை எண்ணாக்கி ஒளித்தார் என்று கற்றவர்கள் சொல்கிறார்கள். நெற்றி என்றால் எண்ணம். வலக்கை என்றால் செயல். கொடுங்கோலனுக்கு எண்ணத்தையும் செயலையும் விற்றுவிடாதே என்பதே அந்த முத்திரையின் பொருள். கடவுளின் மக்களுக்கும் நெற்றியில் முத்திரை உண்டென்று அதே நூல் சொல்கிறதே, அதை எவனாவது மையில் தேடினானா? நான் மட்டும் ஒரு விதவையின் விரல் நுனியில் விலங்கைத் தேடினேன். பெருமை பிடித்த பேச்சாளன் நான். தப்பு என்னுடையது.

பொறுங்கள், அமைதி. அம்மாள் எழுந்திருக்கிறார். மைக் வேண்டாமாம். என்னம்மா?

பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்டிருக்காது, நானே சொல்கிறேன். "அன்னிக்கும் தப்பாத்தான் படிச்சீங்க. இன்னிக்கு சரியாப் படிக்கிறீங்கன்னு எப்புடி நம்பறது?" என்று கேட்கிறார்.

நம்பாதீர்கள், அம்மா. என்னை நம்பவே நம்பாதீர்கள். அன்று கடிதத்தின் பொருளை எனக்குச் சொன்னவர் நீங்கள். இன்றும் நீங்களே சொல்லுங்கள். சிறையில் கிடப்பவன் தன்னைச் சேர்ந்தவர்களுக்கு எதற்காக எழுதுவான்? அவர்கள் துணிந்து வாழவா? ஒரு தாய் தன் மகளைச் சாகக் கொடுக்கவா?

யாரும் பேச வேண்டாம். அவர் யோசிக்கட்டும்.

சொல்லுங்கள், அம்மா. ஆம்... ஆம். சபையோரே, அம்மாள் சொன்னது இதுதான்: "எங்க ஊட்டுக்காரரு ஒரு கடுதாசியிலயும் என்னப் பயமுறுத்தி எழுதுனது இல்ல. காலையில வண்டி கொண்டாந்துடுங்க, வாத்தியாரே."

வலக்கை முந்தானையை விட்டு வெளியே வந்துவிட்டது. எனக்குக் கண் மறைக்கிறது, மன்னியுங்கள். கைதட்டாதீர்கள், போன முறை தட்டியதே போதும். இந்த மேடையை எனக்கு மறுபடியும் கொடுத்த தலைவருக்கும், என்னைத் திருத்திய அம்மாளுக்கும் நன்றி. காலையில் வண்டி ஓட்ட வேண்டும், விடைபெறுகிறேன். வணக்கம்.