சாட்சி எதுவரை

எங்கள் சபையில் மைக் செட்டுக்கு நான்தான் பொறுப்பு. மூப்பர் என்ற பட்டமும் உண்டு. ஆனால் ஆராதனையில் யார் பேசுவது என்பதை முடிவு செய்வது பட்டமல்ல ஐயா, சுவிட்சுதான்.

பெண்கள் சாட்சி சொல்லலாம். காய்ச்சல் வந்தது, ஜெபித்தேன், போய்விட்டது. இதோடு நிறுத்திக்கொண்டால் சாட்சி. ‘ஆகவே நீங்களும்’ என்று ஆரம்பித்தால் போதனை. ஆண்களுக்குப் போதிக்கப் பெண்களுக்கு உரிமையில்லை. அந்த இடத்தில் மைக்கை அணைத்துவிடுவேன். ஏதோ மின்சாரக் கோளாறு என்று நினைத்துக்கொள்வார்கள், யார் மனமும் புண்படாது.

என் தங்கைக்குச் சின்ன வயதிலிருந்தே வாய் நீளம். அவள் வீட்டுக்காரர் சாது. முன்வரிசையில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருப்பார். அந்த ஞாயிறு, சாட்சி வேளையில், அவள் மூச்சிரைக்க மாடியேறி வந்து மைக்கைப் பிடித்தாள்.

“இப்பத்தான் கீழேருந்து வர்றேன். படிக்கட்டுக்கு அடியில ஜெனரேட்டர் ரூம்லேருந்து புகை வருது.”

அதுவரை சாட்சிதான். கண்டதைச் சொன்னாள், நானும் குறுக்கிடவில்லை.

“எல்லாரும் எந்திரிச்சு வெளிய...”

அணைத்தேன். என் மைக்கை எடுத்து, “ஜெனரேட்டர்னா புகை வராம பூ வாசமா வரும்? உக்காருங்க” என்றேன். எழுந்தவர்களும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார்கள். பாட்டு தொடங்கியது. “அண்ணே, சொல்றதக் கேளுண்ணே” என்று கத்தியவளை இரண்டு பேர் மரியாதையாகவே வெளியே கொண்டுபோய் விட்டார்கள்.

அவள் நேரே கீழே பிள்ளைகள் வகுப்புக்கு ஓடினாள். பிள்ளைகளுக்குப் போதிக்க எங்கள் சபை பெண்களுக்குத் தாராளமாக அனுமதி கொடுத்திருக்கிறது. அவள் சொன்னாள், அவர்கள் கேட்டார்கள். ஒரு பிள்ளைக்கும் கீறலில்லை. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பது சரிதான்.

தீ படிக்கட்டைப் பிடித்தபோது, மேலே ஒழுங்காக உட்கார்ந்திருந்தவர்களுக்குத்தான் இறங்க வழி கிடைக்கவில்லை. என் இருக்கை பின்கதவை ஒட்டியது. இரும்பு ஏணி வழியாக இறங்கிவிட்டேன். இந்தப் பக்கம் ஒரு கதவு இருக்கிறது என்று அறிவிக்கலாமென்றால், மின்சாரம் போயிருந்தது. தங்கை வீட்டுக்காரர் முன்வரிசை. சந்தேகம் வந்தால் பெண்கள் வீட்டில் புருஷனிடம் கேட்டுக்கொள்ள வேண்டும் என்று நானே அவளுக்குப் பலமுறை எடுத்துச் சொல்லியிருக்கிறேன். பாவம், இனி அந்த வசதியும் இல்லை.

அடக்க ஆராதனையில் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. இத்தனை வருடமாக நான் எதிர்பார்த்தது இதைத்தான். ஏனோ சந்தோஷமாக இல்லை.

மைக்கை அணைத்தது சபை ஒழுங்குக்காக என்றே உங்கள் விசாரணை அறிக்கையில் எழுதிக்கொள்ளுங்கள் ஐயா. புகை வாடை அவள் வருமுன்பே எனக்கு அடித்தது. அறிவிக்கத்தான் எழுந்தேன், அதற்குள் முந்திக்கொண்டாள். தங்கை சொல்லி அண்ணன் எழுந்தான் என்று ஆகிவிடக் கூடாதே என்று உட்கார்ந்துவிட்டேன்.